வீட்டுக்குள் வந்த விஷம்: வாசலைத் திறந்து விட்டது யார்?

தோட்டத்து உறவுகளே! இந்தப் பத்தியைப் படித்து முடித்ததும் ஒரு சின்னக் காரியம் செய்யுங்கள். அடுப்படிக்குப் போய், பாத்திரம் கழுவும் இடத்துக்குக் கீழேயும், குளியலறை மூலையிலும், பின்வாசல் பக்கமும் என்னென்ன போத்தல்கள் இருக்கின்றன என்று ஒரு தடவை கண்ணால் பாருங்கள்.

மினரல் வாட்டர் போத்தல் ஒன்றில் தண்ணீர் மாதிரியே ஏதோ இருக்கும். அது குளியலறைக் கறை போக்கும் ஆசிட். சிரப் போத்தலில் மண்ணெண்ணெய் இருக்கும். கிச்சாப் போத்தலில், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புல்லுக்கு அடிப்பதற்காக யாரோ கொடுத்த "மருந்து" இருக்கும்.

"இது என்னம்மா?" என்று வீட்டுக்காரம்மாவைக் கேட்டால், "அது புல்லு மருந்துங்க. அவருதான் கொண்டாந்து வச்சாரு. புள்ளைங்க கை படாம மேலதான் வச்சிருக்கேன்" என்று பதில் வரும்.

மருந்து! நாம் இதற்கு வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள். காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து, புல்லைக் கருக்குவதும் மருந்து. இரண்டையும் ஒரே வார்த்தையால் கூப்பிட்டுக் கூப்பிட்டு, விஷத்தின் மேல் இருக்க வேண்டிய பயம் நமக்குப் போய்விட்டது. நான்கு வயதுப் பிள்ளைக்கு மட்டும் எப்படி அந்தப் பயம் வரும்?

வீட்டில் விபத்து நடக்காமல் காப்பது எப்படி என்று சுகாதாரத் துறையினர் காலம் காலமாகச் சொல்லி வருகிறார்கள். கிளினிக் சுவரில் படம் ஒட்டியிருக்கிறது, வானொலியில் பேசுகிறார்கள், ஆயாக் கொட்டகைக்கு வந்த நர்ஸம்மாவும் சொன்னார்: "தாய்மார்களே, கவனம்! ஆபத்தான பொருள்களைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்." நல்ல யோசனைதான். யாரும் மறுக்கவில்லை.

ஆனால் அது பாதி யோசனைதான். விஷத்தை எங்கே வைப்பது என்று தாயிடம் சொல்கிறோம். அந்த விஷம் வீட்டுக்குள் எப்படி வந்தது, யார் வரவிட்டது என்று கேட்பதில்லை. இந்த வாரம் நாம் பேசப் போவது அந்த மற்றப் பாதியைப் பற்றி.

கிள்ளானில் நடந்த பழைய கதை

இந்தக் கேள்வி புதிது அல்ல. நூறு வருஷத்துக்கு முன்னால் நம் கிள்ளானிலேயே இது எழுந்தது. அப்போது வீட்டுக்குள் வந்தது போத்தல் விஷம் இல்லை, கொசு.

1901-ல் கிள்ளான் ஊரையும், அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர் பெற்றிருந்த இன்றைய போர்ட் கிள்ளானையும் மலேரியா வாட்டி எடுத்தது. புதிதாகத் திறந்த துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்கு ஜுரம் பரவியது. அந்த வருஷம்தான் மால்கம் வாட்சன் என்ற இளம் டாக்டர் கிள்ளானில் வேலைக்கு வந்து சேர்ந்திருந்தார்.

மலேரியாவைக் கொசுதான் பரப்புகிறது என்பதற்கான அடையாளத்தை 1897-ல்தான் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்திருந்தார். ஜுரத்துக்குக் கொய்னா கொடுப்பது அதற்கு முன்பே இருந்த பழக்கம். "கொய்னா சாப்பிடு, வலை கட்டிப் படு, ஜன்னலைச் சாத்து" என்று சனங்களுக்குப் புத்தி சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். வாட்சன் அத்தோடு நிற்கவில்லை. கொசு பிறக்கும் சதுப்பு நிலம் ஊரைச் சுற்றிக் கிடக்கும்போது, வீட்டுக்குள் இருப்பவனை மட்டும் எச்சரித்து என்ன புண்ணியம்? கால்வாய் வெட்டித் தண்ணீரை வடிய விடுங்கள், புதர்க்காட்டை அழியுங்கள் என்று அரசாங்கத்திடம் கேட்டு வாங்கிச் செய்தார்.

பலன் என்ன தெரியுமா? 1901-ல் கிள்ளான் ஊரிலிருந்து மலேரியாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 334 பேர். 1905-ல் 12 பேர். அந்த நான்கு வருஷத்தில் கிள்ளான் தாய்மார்கள் திடீரென்று கெட்டிக்காரிகளாகி விட்டார்களா? இல்லை. சதுப்பு நிலம் காய்ந்தது, கொசு குறைந்தது. அவ்வளவுதான்.

வீட்டுக்குள் வருகிற ஆபத்தை அது பிறக்கிற இடத்திலேயே அடைத்தால்தான் வீடு காப்பாற்றப்படும். கிள்ளான் நமக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அது. இதை மனசில் வைத்துக்கொண்டு நம் போத்தல் கதைக்கு வருவோம்.

ஸ்டோரிலிருந்து லயத்துக்கு

பாராகுவாட் என்றால் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். கிராமொக்சோன் என்றால் தோட்டத்தில் ஒரு நாளாவது பம்பு தூக்கிய எல்லோருக்கும் தெரியும். 1960-களின் தொடக்கத்தில் ரப்பர் காட்டுக்குள் நுழைந்தது. பிறகு செம்பனைக் காட்டிலும் அதுவே ராஜாவாக இருந்தது. காலையில் அடித்தால் சாயங்காலத்துக்குள் புல் வாடிவிடும். விலையும் மலிவு. நிர்வாகத்துக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் அந்தச் சரக்கின் மறுபக்கம் என்ன? கலக்காத பாராகுவாட்டை ஒரு வாய் விழுங்கினாலே உயிருக்கு ஆபத்து. முதல் நாள் ஆள் நன்றாகப் பேசிக்கொண்டுகூட இருப்பார். பிறகு சிறுநீரகம் கெடும், நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப் போகும். அதற்கு முறிமருந்து என்று ஒன்று இன்றுவரை கிடையாது.

ஆரம்பத்தில் அது பார்ப்பதற்குக் கோப்பி-ஓ மாதிரி கருத்த நிறத்தில் இருந்தது. பான போத்தல்களில் ஊற்றி வைத்ததைத் தெரியாமல் குடித்துச் செத்தவர்கள் உலகம் முழுவதும் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் நீல நிறம் சேர்த்தார்கள், நாற்றம் சேர்த்தார்கள், குடித்தால் வாந்தி வரும்படி ஒரு பொருளையும் கலந்தார்கள். அப்போதும் சாவு நிற்கவில்லை. விஷத்துக்குச் சாயம் பூசலாம்; விஷத்தன்மையை எடுக்க முடியுமா?

அது லயத்து வீட்டுக்கு எப்படி வந்தது? இதில் ரகசியம் ஒன்றுமில்லை. வேலை முடிந்து மிச்சமானதை வீட்டுப் புல்லுக்கு ஆகட்டும் என்று சின்னப் போத்தலில் ஊற்றிக்கொண்டு வந்தோம். காலியான பெரிய டின்னைக் கழுவித் தண்ணீர் பிடிக்க வைத்தோம். மருந்தடித்த அதே உடுப்போடு வந்து பிள்ளையைத் தூக்கினோம். அந்த உடுப்பைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைத்தோம். குற்றம் சொல்ல வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் வேலை முடிந்தவுடன் குளிக்கத் தோட்டத்தில் இடம் இருந்ததா? உடுப்பு மாற்ற அறை இருந்ததா? லேபிளில் இருந்ததைப் படித்துச் சொல்ல ஆள் இருந்தாரா?

பம்பு தூக்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள் என்பதையும் மறக்கக் கூடாது. தெனாகனித்தா அமைப்பு, பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்போடு சேர்ந்து அந்தப் பெண்களிடம் நேரடியாகப் பேசி 2002-ல் அறிக்கை வெளியிட்டது. மூக்கில் ரத்தம், நகம் நிறம் மாறி உதிர்வது, தோல் வெந்து போவது, கண் எரிச்சல் என்று அவர்கள் வருஷக் கணக்காகச் சொல்லி வந்த குறைகள் அப்போதுதான் எழுத்தில் ஏறின. தெனாகனித்தாவை நடத்திய ஐரின் பெர்னாண்டஸ் 2014-ல் காலமானார். தோட்டத்துப் பெண்கள் அவரை நன்றியோடு நினைக்க இது ஒன்று போதும்.

பதினேழு வருஷ இழுபறி

சட்டம் இல்லாமல் இல்லை. பூச்சிக்கொல்லிச் சட்டம் 1974-லேயே வந்தது. கடும் விஷமுள்ள பூச்சிக்கொல்லிகளுக்கென்று 1996-ல் தனி விதிமுறைகளும் வந்தன. பாராகுவாட்டும் அந்தப் பட்டியலில் இருந்தது. தாளில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. செம்பனைக் காட்டு வெயிலில் ரப்பர் கோட்டும் முகமூடியும் போட்டு ஒரு மணி நேரம் நிற்க முடியுமா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

2002 ஆகஸ்டில் பாராகுவாட்டைப் படிப்படியாக ஒழிப்பதாக நம் அரசாங்கம் அறிவித்தது. நாம் சந்தோஷப்பட்டோம். தோட்ட முதலாளிகள் பக்கத்திலிருந்து எதிர்ப்பு எழுந்தது. மாற்று மருந்துக்கு விலை அதிகம், செலவு கட்டாது என்றார்கள். 2006-ல் தடை தளர்த்தப்பட்டது. சுவீடன் அதை 1983-லேயே தடை செய்துவிட்டது. சுவிட்சர்லாந்தில் 1989 முதல் அது கிடையாது. அந்த நாட்டுக் கம்பெனிதான் நமக்கு விற்றது! அவன் வீட்டுக்கு ஆகாத விஷம் நம் வீட்டுக்கு ஆகுமா என்று கேட்க நாதியில்லாமல் இருந்தோம்.

கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் பாராகுவாட் முற்றாகத் தடை செய்யப்பட்டது. முதல் அறிவிப்புக்கும் முழுத் தடைக்கும் நடுவில் பதினேழு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அத்தனை வருஷமும் "தாய்மார்களே, கவனம்" என்ற புத்திமதி மட்டும் தவறாமல் கிடைத்துக்கொண்டிருந்தது.

பூட்டுப் பெட்டி சொன்ன பாடம்

"அப்படியானால், பூட்டி வைத்தால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் இலங்கையிலிருந்து வந்திருக்கிறது.

இலங்கையில் விவசாயக் குடும்பங்களில் பூச்சிக்கொல்லியைக் குடித்து இறப்பவர்கள் ஏராளமாக இருந்தார்கள். அநேகம் பேர் திட்டம் போட்டுச் சாகவில்லை. வீட்டில் ஒரு சண்டை, கடன்காரன் பேசிய ஒரு வார்த்தை, ஒரு நிமிஷ ஆத்திரம். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு போத்தல். அந்த ஆத்திரம் அடங்கும்வரை போத்தல் கையில் கிடைக்காமல் இருந்திருந்தால் எத்தனையோ பேர் இன்று பேரப் பிள்ளைகளைக் கொஞ்சிக்கொண்டு இருப்பார்கள்.

அதனால் ஆராய்ச்சியாளர்கள் வடமத்திய மாகாணத்தில் ஒரு பெரிய சோதனை செய்தார்கள். 180 கிராமங்கள், 53,000-க்கும் மேற்பட்ட வீடுகள். பாதிக் கிராமங்களில், பூச்சிக்கொல்லியைப் பூட்டி வைக்க வீட்டுக்கு வீடு பெட்டி கொடுத்தார்கள். மற்றக் கிராமங்களுக்குக் கொடுக்கவில்லை. முடிவு 2017-ல் வெளியானது. பெட்டி கொடுத்த கிராமங்களில் நஞ்சு குடிப்பது குறையவில்லை. நாளாக ஆகப் பெட்டியைப் பூட்டாமல் விட்ட வீடுகள் பெருகின. வயல் வேலையும் வீட்டு வேலையும் செய்து களைத்த மனுஷன் எத்தனை நாளைக்குச் சாவியைத் தேடிக்கொண்டிருப்பான்?

அப்படியானால் அங்கே எதுதான் பலித்தது? தடைதான். மிகக் கொடிய விஷங்களை 1984-லிருந்தே இலங்கை அரசு ஒவ்வொன்றாக நிறுத்தி வந்தது. 2008-க்கும் 2011-க்கும் நடுவில் பாராகுவாட்டையும் படிப்படியாக ஒழித்தது. 1995-ல் லட்சம் பேருக்கு 47 என்று இருந்த தற்கொலைக் கணக்கு, இருபது வருஷத்தில் ஏறக்குறைய 70 சதவிகிதம் குறைந்தது. 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். "விஷம் இல்லாமல் விவசாயம் படுத்துவிடும்" என்று அங்கேயும் பயமுறுத்தினார்கள். நெல் விளைச்சல் படுக்கவில்லை.

நாம் பூட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டாயம் பூட்டுங்கள், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது வேண்டியதே. ஆனால் பூட்டை மட்டும் நம்பி, பாரம் முழுவதையும் தாயின் தலையில் ஏற்றிவிட்டு, மற்றவர்கள் கை கழுவிக்கொள்ளக் கூடாது.

விஷம் ஒழிந்துவிட்டதா?

பாராகுவாட் போய்விட்டது. ஆனால் போத்தல்கள் போகவில்லை. புல்லுக்கு வேறு மருந்துகள் வந்திருக்கின்றன. கேரித் தீவிலும் பந்திங்கிலும் காப்பாரிலும் இன்னும் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே இன்று நம்மோடு வங்காளதேசத்துத் தொழிலாளியும் இந்தோனேசியத் தொழிலாளியும் பம்பு தூக்குகிறார்கள். லேபிள் அவர்களுக்கும் புரியவில்லை.

தோட்டம் துண்டாடப்பட்டு வெளியேறிய நம் சனங்களோ கிள்ளான், ஷா ஆலாம், பூச்சோங் அடுக்குமாடிகளில் குடியிருக்கிறார்கள். துப்புரவு வேலை, புல்வெட்டு வேலை என்று போகிறார்கள். அங்கிருந்து ஆசிட்டும் குளோராக்ஸும் சின்னப் போத்தல்களில் வீட்டுக்கு வருகின்றன. அன்று ஸ்டோரிலிருந்து லயத்துக்கு வந்த அதே பாதைதான். குளியலறையில் இந்த இரண்டையும் ஒன்றாக ஊற்றித் தேய்த்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சை அடைக்கும். காற்றோட்டம் இல்லாத சின்னக் குளியலறையில் அது பெரிய ஆபத்து.

வீட்டில் செய்ய வேண்டியது

முதல் விதி: எந்தப் பொருளும் அதன் சொந்தப் போத்தலை விட்டு வேறு போத்தலுக்குப் போகக் கூடாது. சாப்பாட்டுப் போத்தலுக்கு ஒருபோதும் போகக் கூடாது.

இரண்டாவது: வேலையிடத்துச் சரக்கு வேலையிடத்திலேயே இருக்கட்டும். "மிச்சம் இருக்கு, எடுத்துட்டுப் போ" என்று மண்டோர் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய பாராகுவாட் எங்கேயாவது கிடந்தால் சாக்கடையில் கொட்டாதீர்கள். விவசாய இலாகாவுக்குச் சொல்லுங்கள்.

மூன்றாவது: தீபாவளிச் சாமான் வாங்கப் பிரிக்பீல்ட்ஸுக்கோ கிள்ளான் தெங்கு கிளானா தெருவுக்கோ போகும்போது, சேலையோடு சேர்த்து ஒரு சின்னப் பூட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

நான்காவது: மருந்தடித்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். குளித்த பிறகு பிள்ளையைத் தூக்குங்கள்.

ஐந்தாவது: பிள்ளை எதையாவது விழுங்கிவிட்டால் கையை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மண்ணெண்ணெயும் ஆசிட்டும் ஏறி வரும்போது இன்னொரு முறை கெடுக்கும். புளித்தண்ணீர், எண்ணெய் என்று எதையும் ஊற்றாதீர்கள். தோலிலோ கண்ணிலோ பட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவுங்கள். 999-க்குக் கூப்பிடுங்கள், அல்லது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். போகும்போது அந்தப் போத்தலையும் கையோடு கொண்டு போங்கள். என்ன விஷம் என்று தெரிந்தால்தான் டாக்டருக்கு வைத்தியம் பார்க்கச் சுலபம்.

இன்னொன்று. மனம் உடைந்து யாராவது விஷம் குடித்துவிட்டால், போலீஸ் வருமே, கேஸ் ஆகுமே என்று பயந்து மறைக்காதீர்கள். தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் சட்டப் பிரிவு 2023-ல் நீக்கப்பட்டுவிட்டது. மனப்பாரம் தாங்க முடியாதவர்கள் பிரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கூப்பிட்டுப் பேசலாம். பேசினால் பாரம் குறையும்.

வெளியே கேட்க வேண்டியது

வீட்டைச் சுத்தம் செய்தாயிற்று. இனி வாசலுக்கு வெளியே பார்ப்போம்.

வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் முன்பு சில துறைகளுக்கு மட்டும்தான் இருந்தது. 2024 ஜூன் 1 முதல் ஒரு சில விலக்குகள் தவிர எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்திருக்கிறது. துப்புரவுக் குத்தகைக்காரரும் தப்ப முடியாது. கையுறை, முகமூடி, பயிற்சி இவற்றைக் கொடுப்பது முதலாளியின் கடமை. அதற்காக உங்கள் சம்பளத்தில் ஒரு காசு பிடிக்கக் கூடாது. குளிக்க இடம் கேளுங்கள். காலி டின்னைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். லேபிளில் இருப்பதை நமக்குப் புரியும் பாஷையில் சொல்லச் சொல்லுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் சங்கத்தின் வழியாகக் கேளுங்கள். சங்கம் எதற்கு இருக்கிறது?

இன்னொரு நல்ல மாற்றமும் வந்திருக்கிறது. 2022 டிசம்பர் 1 முதல் சொக்சோ இல்லத்தரசிகளுக்கென்று ஒரு திட்டம் நடத்துகிறது. வருஷத்துக்கு 120 வெள்ளி. 55 வயதுக்கு உட்பட்ட குடும்பப் பெண்கள் சேரலாம். கணவனை இழந்தவர்களும் சேரலாம். வீட்டு வேலை செய்யும்போது நேரும் விபத்துக்கு அதில் பாதுகாப்பு உண்டு. பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். வீட்டில் பெண் செய்வதும் வேலைதான், அங்கே நடப்பதும் விபத்துதான் என்று சட்டம் ஒத்துக்கொண்டிருக்கிறதே, அதுதான் பெரிய விஷயம். குடும்பத் தலைவர்களே, உங்கள் வீட்டுக்காரம்மா பெயர் அதில் இருக்கிறதா என்று இன்றைக்கே விசாரியுங்கள்.

கிள்ளானில் கால்வாய் வெட்டியபோது ஜுரம் குறைந்தது. இலங்கையில் விஷத்தைத் தடுத்தபோது சாவு குறைந்தது. நம் நாட்டில் அந்தத் தடை பதினேழு வருஷம் தாமதமாக வந்தது. அடுத்த விஷத்துக்கும் இன்னொரு பதினேழு வருஷம் காத்திருக்கப் போகிறோமா?

அம்மாவிடம் "கவனம்" என்று சொல்வதற்கு முன்னால், அந்தப் போத்தலைக் கொடுத்து அனுப்பியவரிடம் "ஏன்" என்று கேட்போம். இப்போது பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, முதலில் சொன்னபடி அடுப்படிக்குப் போங்கள்.